முயல் மீட்டர்

எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்துப்போயிருந்த காலம் அது. அப்பா விடியற்காலையில் கடலால் வந்து, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, பகல் முழுவதும் நித்திரை கொள்வார். அம்மா நண்டு உடைக்கும் இடத்தில் நின்றபடியே வேலை செய்துவிட்டு வந்து, இருந்தால் எழும்ப முடியாமல் போய்விடும் என்ற பயத்தில் வீட்டிலும் நின்றபடியே தேநீர் குடிப்பார். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கூரை போட்டாயிற்று, கிணறு இறைத்தாயிற்று, இனிக் கொஞ்சம் ஆறலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அத்தனை வருடக் களைப்பும் திரண்டு வந்து எல்லோர் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். எனக்கும் களைப்புத்தான். அதற்குக் காரணம் மாமாவின் கார்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. கார் என்பது, கனடாவுக்குப் போன பெரியப்பா வவுனியாவில் தெரிந்தவர் ஒருவருடைய வளவில் வேப்பமரத்தின் கீழ் விட்டுப்போன பழைய யப்பான் கார். சண்டை தொடங்கி முடியும்வரை அது அங்கேயே நின்றது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. எலிகள் வயர்களைத் தின்றன. மற்ற எல்லோரும் வேண்டாம் என்றதால் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. மாமா அதை உருட்டி, கழற்றி, பூட்டி, ஒருவழியாக ஓட வைத்து ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, விட்டார். கார் ஓடியது. ஆனால் சாரதிக்கு முன்னால் இருக்கும் ஊசிகள் மட்டும் அசையவில்லை. வேகம் காட்டும் ஊசி, பெற்றோல் காட்டும் ஊசி, சூடு காட்டும் ஊசி மூன்றும் படுத்த படுக்கைதான்.

ஊசி வேலை செய்யாத கார்கள் அந்த நாளில் வன்னி முழுவதும் ஓடின. ஓட்டுபவர்கள் காதால் ஓட்டினார்கள். என்ஜின் இரைந்தால் கியரை மாற்றுவது, கொதிக்கிற சத்தம் கேட்டால் ஓரங்கட்டுவது, அவ்வளவுதான். மாமாவுக்கு அது முடியாது. மாமாவுக்கு இரண்டு காதும் கேட்காது.

கடைசிச் சண்டையில் பதுங்குகுழி வாசலில் விழுந்த செல் குண்டு ஒன்று அவர் உடம்பில் ஒரு கீறலும் போடாமல் காதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் நின்று, முகத்துக்கு முகம் பார்த்துச் சொன்னால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். இதை நான் இப்போது இரண்டு மூன்று வரியில் எழுதிவிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் இதை வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கார் அன்றைக்கே நின்றிருக்கும். காது கேளாதவன் ஓட்டுகிற காரில் யார் ஏறுவார்கள்? கடல் தொழிலுக்கு அப்பா கூட்டிப் போய்ப் பார்த்தார். இருட்டில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காத படகில் யாரும் தொழில் செய்ய முடியாது. அது சரிவராது என்று மட்டும் அப்பா சொன்னார், காரணம் சொல்லவில்லை. மாமா தன் காலில் நிற்பதற்கு அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம். இப்போது அவர் காதுக்குப் பின்னால் சின்ன மிசின் ஒன்று மாட்டியிருக்கிறார், ஊருக்கெல்லாம் அதைத் தானே காட்டித் திரிகிறார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் மாமாவுக்குக் கொஞ்சம் தடிப்பு, தலைக்கனம் என்பதுதான். கூப்பிட்டால் திரும்பமாட்டார். பகிடிக்கு எல்லோரும் சிரித்து முடிகிற நேரம் சிரிக்கத் தொடங்குவார். ஓம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாப்பிட்டனீங்களோ என்றாலும் ஓம், எத்தனை மணிக்கு வந்தனீங்கள் என்றாலும் ஓம். காரோட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார், இடது கையைக் கியரிலிருந்து எடுக்கவேமாட்டார். காரைக் கோயில்போல மதிக்கிற பொடியன் என்று ஊரில் பேர். என்ஜினின் நடுக்கத்தை அவர் வெறுங்காலாலும் உள்ளங்கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்குத் தெரியும்?

என் களைப்புக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் இல்லாத நாள்களில் மாமாவின் ஹயருக்கெல்லாம் நானும் போகவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பொம்பிளைப் பிள்ளை ஒன்று முன்சீற்றில் இருந்தால் ஏறுகிற சனத்துக்கு நம்பிக்கை வரும் என்று காரணம் சொன்னார். பின்னால் யார் எது கதைத்தாலும் மாமாவின் கையில் தட்டவேண்டும், அவன் கனவு கண்டுகொண்டு ஓட்டுகிற ஆள் என்றும் சொல்லிவைத்தார். என் வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் நித்திரை கொள்ளும்போது நான் யாரோ வீட்டுக் கிழவரின் ஸ்கானுக்கும், யாரோ வீட்டுப் பெண்பார்க்கும் சடங்குக்கும் போய்க்கொண்டிருந்தேன். முன்சீற்றின் கம்பி முதுகில் குத்தும். வெயில் நேரே முகத்தில் விழும். எனக்கு அந்தச் சீற் என்றாலே பிடிக்காது.

ஒருமுறை பூநகரிக்குப் போன ஹயரில் கார் கொதித்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் சேர்ந்து கத்தி, நான் கையில் தட்டி, மாமா நிறுத்தியதால் தப்பியது. கராஜ்காரர் திறந்து பார்த்துவிட்டு, இன்னொருக்கால் கொதித்தால் என்ஜினைத் தூக்கி எறியவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மாமா அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த நாளிலிருந்துதான் மீட்டர்ப் பெட்டி செய்யும் வேலை தொடங்கியது.

கிளிநொச்சியில் அவர் ஒரு தொழிற்பயிற்சிக்குப் போய் ரேடியோ, ரீவி திருத்தக் கொஞ்சம் பழகியிருந்தார். மிச்சத்தைத் தொலைபேசியில் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இந்தியாவில் யாரோ பொடியங்கள் சின்னச் சின்ன சேர்க்கிட்டுகளைப் பூட்டிக் காட்டுகிற வீடியோக்கள். பின்னேரங்களில் மாமா சுவரில் சாய்ந்து இருந்து அதையே பார்ப்பார், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு. அப்பாவின் நித்திரை குழம்பக்கூடாது என்பதற்காக என்று நான் நினைத்தேன். எவ்வளவு நல்ல மனம் மாமாவுக்கு என்றுகூட நினைத்தேன்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் எண்கள் எரிகிற சின்னச் சின்னத் துண்டுகள் வாங்கி வந்தார். சூட்டை அளக்கும் முனையை என்ஜினில் பதித்து வயர் இழுத்தார். பிளக்குக்குப் போகிற வயரின் மேல் இன்னொரு வயரைச் சுற்றி, என்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வைத்தார். இவை எல்லாவற்றையும் வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. கடையில் பார்த்த பெட்டி ஒன்றும் அளவுக்குச் சரிவரவில்லை. கடைசியில் என் சாப்பாட்டுப் பெட்டி சரிவந்தது. ரோஸ் நிறம், மூடியில் முயல் படம். முயலின் வயிற்றில் மூன்று சதுர ஓட்டை வெட்டினார். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் பாண் ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார், நானும் ஓம் என்றுதான் சொன்னேன், ஆனால் வெட்டிய பிறகு அழுகை வந்தது.

பெட்டி தயாரானதும் பார்க்க வந்த அயலவர்களுக்கு ஒரே குழப்பம். சிவப்பில் பெரிதாக எரிவது என்ன, ஓடுகிற வேகமோ என்று கேட்டார்கள். இல்லை, என்ஜின் சுற்றுகிற கணக்கு. பச்சை பெற்றோலோ? இல்லை, சூடு. நீலம் பெற்றோலாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அது பற்றரி. எவ்வளவு ஓடுது, எவ்வளவு பெற்றோல் கிடக்குது என்று காட்டாத மீட்டரை உலகத்திலேயே முதல்முதலாகச் செய்தவன் நீதான் என்று அவர்கள் சிரித்தார்கள். வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம், பெற்றோலைக் குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று மாமா பதில் சொன்னார். முயல் மீட்டர் என்ற பேர் அந்தப் பின்னேரமே ஊருக்குள் போய்விட்டது.

முதல்முதலாக அதைப் பார்த்துக்கொண்டு அவர் ஓட்டிய நாள் எனக்கு நல்ல நினைவு. அதுவரை இரண்டாம் கியரில் கார் அலறும், அடுத்ததை மாற்ற அவருக்கு மனம் வராது. அன்று சிவப்பு எண் ஏறியதும் கையை அசைத்தார், கார் நழுவிக்கொண்டு போனது. மாற்றினார், இறக்கினார், மறுபடி மாற்றினார். வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்ப எனக்கு எல்லாம் தெரியுது," என்றார்.

பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் அப்படி யாரும் சிரித்துக் கனகாலம்.

அந்த நேரத்தில்தான் தண்ணீரூற்று ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் ஹயர் வந்தது. ஓய்வுபெற்றவர், சிறுநீரகம் பழுது. கிழமையில் இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும், புதனும் சனியும். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்து அவர் அரை உயிராகிவிட்டார். இது மாறாத ஹயர். இது கிடைத்தால் மாமா கடைச் சந்தியில் காரை நிறுத்திவிட்டுச் சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு முன்சீற்றில் அம்மா போவார், சனிக்கிழமை நான். ஏன் நாங்கள் போகவேண்டும் என்று நான் அழுதுகூடப் பார்த்தேன். அம்மா என் தலையை வாரிக் காரில் ஏற்றிவிட்டார்.

ஐயா பின்சீற்றில் மனைவியோடு ஏறுவார். ஏறியதும் கதை தொடங்கும். தபால் பைகள் ரயிலில் வந்த காலம், சண்டைக்குள் கடிதம் போன விதம், முகவரி எழுதத் தெரியாத சனம், இன்றைய அரசியல் என்று மாங்குளம்வரை மூச்சு விடமாட்டார். மாமா நேரே பார்த்து ஓட்டுவார். இடையில் நான் கையில் தட்டினால் கண்ணாடியில் ஐயாவைப் பார்த்துத் தலையாட்டி ஓம் என்பார். ஐயாவுக்குப் பரமதிருப்தி. குறுக்கே பேசாமல், பெரியவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பொடியனை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கலாம் என்று அவர் அம்மாவிடமே சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி வந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்கு ஒரு குறை. புதுச் சாமான் ஒன்று பூட்டிய பிறகு காரை மந்திரிக்கவில்லை. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் கார்க் கதவுகள் நான்கும் திறந்து வைக்கப்பட்டன. தீர்த்த வாளியை நான் பிடித்தேன். மாமா முன்கூட்டியே பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி வைத்திருந்தார். அம்மா அதைக் கண்டார்.

"பொலித்தீனுக்கு மேலால தெளிச்சால் ஆசீர்வாதம் பொலித்தீனுக்குத்தான்," என்று சொல்லி அவிழ்த்து எடுத்துவிட்டார்.

எங்கள் சுவாமி கை தாராளமானவர். அவர் தெளித்தால் பாதி மழை. முயலின் வயிற்றுக்குள்ளும் மழை பெய்தது. எண்கள் மூன்றும் ஒருதரம் மினுங்கி அணைந்தன. மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாளியை வைத்துவிட்டேன். அவர் பெட்டியைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். பின்னேரம் மறுபடி எண்கள் எரிந்தன. வீட்டுக்கு உயிர் வந்தது.

மறுகிழமை ஐயாவின் மனைவி தன் பங்குக்குப் பிள்ளையார் கோயில் சந்தனத்தைக் குழைத்துக் கொண்டுவந்து, முயலின் நெற்றியிலும், மேல் மூடி சந்திக்கிற இடத்திலும் தாராளமாக அப்பினார். கண்ணூறு படக்கூடாதாம். ஹயர் கொடுக்கிறவர்கள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் முதலில் அதை நனைக்கவேண்டும். வேதக்காரரும் சைவக்காரரும் அதில் மட்டும் ஒற்றுமை.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு பச்சை எண் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில் ஏறி இறங்கி மாமாவை அலைக்கழிக்கும். இப்போது காலையில் முப்பதில் தொடங்கி, மெல்ல ஏறி, எண்பத்திரண்டில் வந்து நின்றுவிடும். வெயிலோ மேடோ ஒன்றும் அதை அசைக்காது. சுவாமி மந்திரித்ததிலிருந்து என்ஜின் ஆறுதலாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். சந்தனம் குளிர்ச்சி என்று ஐயாவின் மனைவி சொன்னார். தான் றேடியேற்றரைக் கழுவியதால் என்று மாமா சொன்னார். எண்பத்திரண்டுதான் என்ஜினுக்கு அளவான சூடு என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஈரம் போன வழியில் உள்ளே ஏதோ பழுதாகி, அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் பெட்டி நின்றுவிட்டது என்பதை நாங்கள் மூன்று கிழமைபோல யாரும் அறியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சரியான வெயில். நான் ஒட்டுசுட்டான் தாண்டுமுன்பே நித்திரையாகிவிட்டேன். கனகராயன்குளம் தாண்டி எங்கேயோ, ஐயா என் தோளைப் பிடித்து உலுப்பினார். கண் விழித்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். பன்றிக்குட்டியைக் கட்டும்போது கத்துவதுபோல என்ஜின் பக்கத்திலிருந்து ஒரு கீச்சிடல், அதற்குக் கீழே உலைமூடி துள்ளுவதுபோல ஒரு கொதிப்பு. ஐயாவின் மனைவி தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியாது, குரல் அடைத்திருந்தது. மாமா தெருவைப் பார்த்து, பிறகு பெட்டியைப் பார்த்து, நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, மாமாவை நிப்பாட்டச் சொல்லு," என்றார் ஐயா.

நான் கையில் தட்டினேன். மாமா என்னைப் பார்த்தார், பச்சை எண்ணைச் சுட்டிக் காட்டினார். எண்பத்திரண்டு. சிரித்தார். நான் முன்பக்கத்தைக் கையால் காட்டிக் கத்தினேன். அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே புகை எழும்பியது. கார் தானாகவே இருமி நின்றது.

மாமா இறங்கி ஓடிப்போய் என்ஜின் மூடியைத் தூக்கினார். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கியதும், தம்பி இப்ப ஊத்தாதை என்று ஐயாவின் மனைவி பின்னால் நின்று சொன்னார். மாமா ஊற்றினார். ஆவி கையைச் சுட்டது. பிறகு காருக்குள் எட்டிப் பெட்டியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு தெருப்பக்கமாகவே பின்னுக்கு நடந்தார், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு. ஏ-ஒன்பது வீதியில் எப்படி லொறி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று வந்தது. தூரத்திலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. என் காதே அடைத்தது. மாமா தலை நிமிரவில்லை.

ஐயா நடக்க முடியாத மனிதர். வீங்கிய கால். அவர் எப்படி அந்த இடத்துக்குப் போனார் என்று தெரியாது, மாமாவின் சேர்ட்டைப் பின்பக்கம் பிடித்து இழுத்து இருவருமாகப் புல்லில் விழுந்தார்கள். லொறி போய்விட்டது. தூசு அடங்கும்வரை ஐயா எழும்பவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். மாமா முதலில் அவரைப் பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். கையில் பெட்டி அப்படியே இருந்தது. 

வவுனியாப் பக்கம் போன பஸ் ஒன்றை மறித்து அவர்கள் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் ஐயா மாமாவுக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"நாங்கள் போறம். நீ ஆறுதலா வீட்டை போ."

வருத்தக்காரர், நோயாளி மனிதர், மூச்சு முட்டுகிறது, அதுதான் மெதுவாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் மாமாவும் பாலை மர நிழலில் இருந்தோம். அவர் கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார், அது எதற்குச் சொன்ன ஓமோ.

காரைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்ததும் கராஜில் சனம் கூடிவிட்டது. தண்ணீர்ப் பம்பைச் சுற்றும் பெல்ட் தேய்ந்து வழுக்கியிருக்கிறது. கீச்சிட்டுக் கீச்சிட்டு, கடைசியில் என்ஜின் தலை வெடித்திருக்கிறது. கராஜ்காரருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உந்தச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். உனக்குக் கேக்கேல்லையோ?"

மாமா கொப்புளக் கையை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டார். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. வேறு வான் வைத்திருந்தவர்களும் அதற்குள் நின்றார்கள். அம்மா நண்டு வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"அவன் எங்க கேட்டவன். பெட்டியை எல்லோ பார்த்துக்கொண்டிருந்தவன், மிசின் விசரன்."

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி மாமாவும் சிரித்தார். ஓம், பெட்டியை நம்பிவிட்டேன் என்று அவரே சொன்னார். எனக்கு அம்மாவில் வந்த கோபம் சொல்ல முடியாது. தன் தம்பியைத் தானே ஊருக்கு முன்னால் பைத்தியம் என்று சொல்லலாமா? பெட்டி நல்ல பெட்டி, நீங்கள்தான் எல்லோரும் சேர்ந்து நனைத்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினார். முயல் மீட்டரை நம்பி என்ஜினை விட்டவன் என்ற கதை முல்லைத்தீவுச் சந்தைவரை போனது. மாமா எல்லா இடத்திலும் தலையைக் குனிந்து சிரித்தார். கேளாதவன் என்ற பேரைவிட விசரன் என்ற பேர் அவருக்குச் சுகமாக இருந்திருக்கவேண்டும். விசரனின் காரில் சனம் ஏறும்.

ஆனால் ஏறவில்லை. ஐயா வேறு வானில் போகத் தொடங்கினார். நடுத்தெருவில் விட்ட கார் வேண்டாம் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாராம். மாமா எங்கிருந்தோ ஒரு பழைய என்ஜின் தலை தேடிப் பிடித்தார். கராஜில் கூலி இல்லாமல் வேலை செய்து அதைப் பூட்டுவித்தார். பெட்டியையும் கழற்றிக் காயவைத்து, பழுதான துண்டை மாற்றி, ஓரமெல்லாம் மெழுகு உருக்கி ஊற்றினார். கார் ஓடத் தயாராகிவிட்டது. கூப்பிட ஆளில்லை. அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறுங்காலை நிலத்தில் ஊன்றி, தெருவைப் பார்த்தபடி இருப்பார். அம்மா போகிறபோது வருகிறபோது பார்ப்பார்.  வீடு முன்னையைவிடக் களைத்துப்போனது. எனக்கு மட்டும் சனிக்கிழமை நித்திரை கிடைத்தது. அதைக் கொண்டாட மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஐயா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். தடியை ஊன்றிக்கொண்டு நேரே மாமாவிடம் போனார். நாளையிலிருந்து திரும்ப உன்னோடுதான் வருகிறேன், ஒரு கேள்வி கேட்கக்கூடாது, ஒரு நிபந்தனை என்றார்.

"நான் முன்னுக்குத்தான் இருப்பன். கால் நீட்டவேணும். பிள்ளை பின்னால இருக்கட்டும்."

மாமா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், கண்ணைத் துடைத்தார். அம்மா ஐயாவுக்குத் தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனவர் கனநேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் கீழே இருந்து அழுதுகொண்டிருந்தார். ஹயர் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். இருந்தால் எழும்ப முடியாத அம்மா இருந்துவிட்டாரே என்று கை கொடுத்துத் தூக்கினேன். இனிப் புதன்கிழமைகளில் நீங்கள் வேலைக்குப் போகலாம், ஐயா முன்னால் இருக்கிறாராம் என்று சொன்னேன். ஓம் பிள்ளை, போகலாம் என்றார்.

மறுநாள் பின்சீற் எனக்கு. ஐயாவின் மனைவியின் மடிப்பக்கம் தலையை வைத்துக் காலை நீட்டிக்கொண்டேன். இத்தனை நாள் எனக்குக் கிடைக்காத இடம். சீற்றுகளின் இடைவெளியால் ஐயாவின் கை தெரிந்தது, ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு புடைத்த கை. பின்னால் வாகனம் ஹோர்ன் அடித்தால் அந்தக் கை மாமாவின் மணிக்கட்டில் ஒருதரம் தட்டும். என்ஜின் கொஞ்சம் குரல் மாறினால் இரண்டு தரம். கதை சொல்வதையும் அவர் விட்டுவிட்டார். சொல்ல ஏதும் இருந்தால் வெயில் என்றும் பாராமல் காரை நிறுத்தச் சொல்லி, முகம் பார்த்துச் சொல்லுவார். கிழவருக்குக் கை சும்மா இருக்காது என்றும், வருத்தம் கூடிவிட்டதால் கதை குறைந்துவிட்டது என்றும் நான் நினைத்தேன்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு அவரில் எரிச்சல் வரும். ஆஸ்பத்திரி மிசினில் மணிக்கணக்காக இரத்தத்தைச் சுத்திகரித்துவிட்டு, முகம் பழஞ்சீலையாக வெளுத்து ஏறுவார். புளியங்குளம் வருமுன்பே கண் சொருகும். உடனே திடுக்கிட்டு நிமிருவார். போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தைத் துடைப்பார். மறுபடி சொருகும், மறுபடி நிமிருவார். சரிந்து படுங்கோ, பின்னுக்கு வாங்கோ என்று மனைவி கெஞ்சுவார். அவர் கேட்கமாட்டார். மாமாவை இன்னும் நம்பவில்லை, அதுதான் காவல் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. என்ஜின் மாற்றிய தலையோடு நன்றாகத்தானே ஓடுகிறது, மீட்டரும் சரியாகத்தானே காட்டுகிறது, இந்த மனிதருக்கு என்ன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டே நான் நன்றாகத் தூங்கினேன். அவர் சாகும்வரை அந்தச் சீற்றை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்சீற்றில் இருக்கிறவருக்கு விழித்திருப்பதுதான் வேலை என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.